மேடைக்கு வராத மூன்றாமவர்

ஜான் வாலியண்ட் என்பார் கனடாவில் வாழும் எழுத்தாளர். 2010-ஆம் ஆண்டில் அவர் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘தி டைகர்’ என்னும் நூலை அண்மையில் இரண்டாம் முறையாக வாசித்தோம். முதல் முறை வாசித்தபோது விளக்கை அணைக்க மனமின்றி ஒரே இரவில் முடித்தோம். மறுநாள் அதிகாலைத் திருப்பலிக்குக் கண்கள் சிவக்கச் சென்றதை நம் உபதேசியார் இன்றும் சொல்லிச் சிரிப்பார். இம்முறை அவ்வாறு ஓட இயலவில்லை. கதையில் வந்தே தீரவேண்டிய ஒருவர் கடைசிப் பக்கம் வரை முகம் காட்டாமலே போனது நெஞ்சை உறுத்திக்கொண்டிருந்தது. அவரைப் பற்றியே இக்கட்டுரையில் பேச விழைகின்றோம். ஆயினும் நூலுக்குரிய மரியாதையை முதலில் செலுத்திவிடுவதே முறை.

கதை நிகழும் நிலம் நம் வாசகர்களுக்குப் புதிது. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில், ஒருபுறம் சீன எல்லையும் மறுபுறம் ஜப்பான் கடலுமாக நீண்டு கிடக்கும் பகுதிக்குப் பிரிமோரியே என்று பெயர். ‘கடலோர நாடு’ என்பது அச்சொல்லின் பொருள். சிகோட்டே அலின் மலைத்தொடர் அதன் முதுகெலும்பு. பைன் மரங்களும் ஓக் மரங்களும் அடர்ந்த அக்காட்டில், குளிர்காலத்தில் வெப்பநிலை உறைநிலைக்கு முப்பது பாகை கீழே இறங்குவதுண்டு. அப்பனியில் வாழும் புலியை அமூர் புலி என்பர். சைபீரியப் புலி என்றும் சொல்வர். புலி என்றவுடன் மூங்கிற்புதரையும் மலைச்சுனையையும் எண்ணிப் பழகிய நமக்கு, உறைந்த ஆற்றின்மேல் சுவடு பதித்து நடக்கும் புலியை மனத்தில் நிறுத்திக்கொள்ளவே சில பக்கங்கள் தேவைப்படுகின்றன.

அந்நிலத்தில் பிக்கின் ஆற்றை அடுத்துள்ள சொபொலோன்யே என்னும் சிற்றூர், மரம் வெட்டும் தொழிலை நம்பி எழுந்த ஊர். 1991-இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் தொழில் நொடித்தது, கூலி நின்றது. போக இடமுள்ளோர் போயினர். எஞ்சியோர் தேன், பைன் கொட்டை, காட்டுப்பன்றி இறைச்சி, மென்மயிர் விலங்குகளின் தோல் எனக் காடு தந்ததைக் கொண்டு நாளைக் கடத்தினர். அவர்களுள் ஒருவர் விளாதிமிர் மார்க்கோவ். 1997 டிசம்பர் மாதத் தொடக்கத்தில், காட்டிலிருந்த தம் குடிலின் அருகே அவர் புலியால் கொல்லப்பட்டார். கள்ள வேட்டையைத் தடுக்க 1994-இல் அமைக்கப்பட்ட ‘இன்ஸ்பெக்‌ஷன் டைகர்’ என்னும் படையின் ஒரு பிரிவுக்குத் தலைவரான யூரி துருஷ் அவ்விடம் வந்து, பனியில் பதிந்த தடங்களைப் படிக்கின்றார். புலி தற்செயலாக எதிர்ப்பட்டுக் கொல்லவில்லை. மார்க்கோவின் மணம் ஏறிய பொருள்களையெல்லாம் கடித்துச் சிதைத்துவிட்டு, அவர் வீடு திரும்பும் வரை அது காத்திருந்திருக்கிறது. ஏனெனில் அதற்கு முன்னரே மார்க்கோவ் அப்புலியைச் சுட்டுக் காயப்படுத்தியிருந்தார். சில நாள்களில், படையிலிருந்து ஊர் திரும்பிய இளைஞன் ஒருவனும் அதே புலிக்கு இரையானான். இறுதியில் புலி துருஷின் மேலேயே பாய்கின்றது. அவர் பிழைக்கின்றார், புலி மாய்கின்றது.

கதைச் சுருக்கம் இவ்வளவே. ஆனால் இந்நூலின் பெருமை கதையில் இல்லை; மனிதர்களை எடைபோடும் விதத்தில் இருக்கின்றது. கள்ள வேட்டைக்காரரைக் கொடியவராகக் காட்டிப் புலியைப் புனிதமாக்குவது எளிது. விலங்கு நேயம் பேசும் ஆங்கில நூல்கள் பல அவ்வழியிலேயே செல்கின்றன. வாலியண்ட் அதைச் செய்யவில்லை. மார்க்கோவைப் பற்றி அவருடைய நண்பர்களையும் ஊராரையும் பேச வைக்கின்றார். நகைச்சுவை மிகுந்தவர், தேனீ வளர்த்தவர், கடன்பட்டவர், மனைவி மக்களை விட்டு வாரக்கணக்கில் காட்டில் கிடந்தவர் என ஒரு முழு மனிதர் நம் முன் எழுகின்றார். துருஷும் அப்படியே. சட்டத்தை நிலைநாட்ட வந்த அவருக்கு, தாம் பிடிக்க வேண்டியவர்கள் பசித்தவர்கள் என்பது தெரியும். ஒரு கையில் சட்டமும் மறு கையில் இரக்கமுமாக அவர் தடுமாறும் இடங்கள், ஒப்புரவு இருக்கையில் அமர்ந்து பழகிய நம்மைப் போன்றோருக்கு நன்கு விளங்குபவை.

குறைகளும் உண்டு. ஆதி மனிதனுக்கும் பெரும்பூனைகளுக்கும் இருந்த உறவைப் பற்றிய அத்தியாயங்கள் அளவுக்கு மீறி நீண்டுவிட்டன. துருஷ் தடத்தைப் பின்தொடரும் வேளையில் நூலாசிரியர் நம்மைத் தொல்மானிடவியல் வகுப்புக்கு அழைத்துச் செல்வது பொறுமையைச் சோதிக்கின்றது. இதைப் பெருங்குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. தாண்டி வாசிப்போர் தாண்டட்டும்.

நம் வழக்கு வேறிடத்தில் இருக்கின்றது. நூலின் துணைத்தலைப்பு இதனைப் பழிவாங்கலும் உயிர்பிழைத்தலும் பற்றிய உண்மைக் கதை என்கின்றது. பழிவாங்கல் என்று சொன்னவுடன் கதைக்கு இருவர் போதும்: தீங்கு செய்தவர், தீங்குற்றவர். மார்க்கோவ் சுட்டார், புலி திருப்பிக் கொடுத்தது. கணக்கு நேராகிவிட்டது போன்ற ஒரு நிறைவை வாசகர் அடைகின்றார். ஆனால் மார்க்கோவ் ஏன் சுட்டார்? தற்காப்புக்காகவா, புலி அடித்த பன்றியை எடுக்கப் போய் நேர்ந்த மோதலா, அல்லது விற்பதற்காகவா? நூலாசிரியர் முடிந்த முடிபாக எதையும் சொல்லவில்லை. அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆயினும் ஒன்று உறுதி. அந்த ஆண்டுகளில் பிரிமோரியேயில் செத்த புலிக்கு நல்ல விலை இருந்தது. வேலையிழந்த மனிதர் கையிலுள்ள துப்பாக்கிக்கு எதிரே, பல மாதக் கூலிக்கு ஈடான பொருள் நான்கு காலில் நடந்துகொண்டிருந்தது. அந்த விலையை வைத்தவர் யார்? அவர்தாம் நூலுக்குள் வராத மூன்றாமவர்.

இவ்விடத்தில் கொஞ்சம் வரலாறு வேண்டும். புலி வேட்டையைச் சோவியத் அரசு 1947-லேயே தடைசெய்துவிட்டது. உலகில் முதலில் அவ்வாறு செய்த நாடு அதுவே. அதற்கு அடிகோலியவர் லெவ் கப்லானோவ் என்னும் ஆய்வாளர். பனிச்சறுக்குக் கட்டைகளில் நடந்து தடங்களை எண்ணி, அமூர் புலிகள் இருபது முப்பதுக்கு மேல் எஞ்சவில்லை என்று கண்டு சொன்னவர். 1943-இல் கள்ள வேட்டைக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். தடைக்குப் பின் புலிகள் மெல்ல மெல்லப் பெருகின. பின்னர் 1990-களின் தொடக்கத்தில் எல்லை திறந்து, காவல் தளர்ந்து, வறுமை கதவைத் தட்டியபோது, ஆண்டுதோறும் பல பத்துக் கணக்கில் புலிகள் மாய்ந்தன. வேட்டைக்காரர்களின் கொடுமை திடீரென வளர்ந்துவிடவில்லை. வாங்குபவர் இருக்கும் நாட்டுக்கு வழி திறந்தது, அவ்வளவே.

வாங்கப்படுவது எது? புலியில் வீணாகும் உறுப்பு எதுவும் இல்லை என்பது அவ்வணிகத்தின் கொள்கை. தோல் செல்வர் வீட்டுச் சுவருக்கும் தரைக்கும். எலும்பு, மூட்டுவலிக்கு மருந்தென்றும் மதுவில் ஊறவைத்தால் வலிமை தருமென்றும். பல்லும் நகமும் அணிகலனுக்கு. மீசைமயிருக்கும் கூட விலை உண்டு. சீன அரசு 1993-இல் புலி எலும்பு வணிகத்தைத் தடைசெய்து, மருந்துப் பட்டியலிலிருந்தும் அதை நீக்கியது. ஆக, மார்க்கோவ் துப்பாக்கியை உயர்த்திய 1997-இல் விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆனாலும் விலை விழவில்லை. மருந்தாக இருந்தது காலப்போக்கில் மதிப்பின் அடையாளமாக, பெரிய இடத்துக்குக் கொடுக்கும் அன்பளிப்பாக மாறிற்று. 2018 அக்டோபரில், பண்ணையில் வளர்த்த புலியின் எலும்பை மருத்துவத்துக்குப் பயன்படுத்த இடமளிக்கும் ஆணை ஒன்று சீனாவில் வெளியாகி, உலகெங்கும் எழுந்த எதிர்ப்பினால் அடுத்த மாதமே ஒத்திவைக்கப்பட்டது. விற்பனைக்கென்று புலி வளர்க்கலாகாது எனச் சைட்டிஸ் உடன்படிக்கை நாடுகள் 2007-லேயே தீர்மானித்தும், பண்ணைகளில் ஆயிரக்கணக்கில் புலிகள் அடைபட்டிருக்கின்றன. புலி கிட்டாத இடத்தில் சிங்க எலும்பும், பொலிவியக் காட்டு ஜாகுவாரின் கோரைப்பல்லும் அதன் இடத்தை நிரப்புகின்றன.

இச்செய்திகளை வாலியண்ட் அறியாதவர் அல்லர். எல்லை கடந்த வணிகத்தைப் பற்றி அவர் எழுதத்தான் செய்கின்றார். ஆனால் அது பின்திரையில் தீட்டிய மலைபோல் அசையாது நிற்கின்றது. மார்க்கோவுக்குக் குடிலும் நாய்களும் நண்பர்களும் உண்டு. புலிக்குக் கூட வழித்தடமும் வலியும் உண்டு. வாங்குபவருக்கு மட்டும் பெயரில்லை, வீடில்லை, மூட்டுவலியும் இல்லை.

இதே காட்டைப் பற்றிய முந்தைய படைப்பு ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். விளாதிமிர் அர்சேனியேவ் எழுதிய ‘தெர்சு உசாலா’வை அகிரா குரோசவா 1975-இல் திரைப்படமாக்கினார். காட்டுமகன் தெர்சு ஒரு நெருக்கடியில் புலியைச் சுட்டுவிடுகின்றார். அந்த நொடியிலிருந்து அவர் நிலைகுலைகின்றார். காட்டின் ஆவி தம்மை மன்னிக்காது என்று நடுங்குகின்றார், பார்வையும் மங்குகின்றது. அப்படத்திலும் இருவரே: மனிதரும் புலியும். ஆனால் அங்கே இருவரே போதும். ஏனெனில் தெர்சு புலியை எவருக்கும் விற்கப்போவதில்லை. சுட்டவரே அதன் பாரத்தையும் சுமக்கின்றார். மார்க்கோவின் காலத்தில் நிலைமை அதுவன்று. சுடுபவர் ஒருவர், விலை வைப்பவர் இன்னொருவர். பழைய வேட்டைக்கதையின் சட்டகத்தில் புதிய வணிகத்தைப் பொருத்த முயன்றதால் நூலாசிரியரின் கையிலிருந்து ஒரு பாத்திரம் நழுவிவிட்டது என்பது நம் கருத்து. இன்னொன்றும் சொல்லத் தோன்றுகின்றது. படத்தின் முடிவில் தெர்சு கொல்லப்பட்டுக் கிடக்கின்றார். நண்பர் அன்பளித்த புதிய துப்பாக்கிக்கு ஆசைப்பட்டு யாரோ கொன்றிருக்கலாம் என்கின்றார்கள். குரோசவாவுக்கு அந்த யாரோவின் நிழலாவது தென்பட்டது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், பிறர் செய்யும் தீமைக்கு உடன்படுதல் பற்றி நீண்ட பாடம் இருந்தது. மனமொப்பி உடன்படுதல், செயலளவில் மட்டும் உடன்படுதல், அண்மையில் நின்று, தொலைவில் நின்று என ஆசிரியர் பிரித்துப் பிரித்துக் காட்டுவார். தொலைவு கூடக் கூடப் பொறுப்புக் குறையும் என்று விடைத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். இந்நூலை மூடி வைத்தபின் அந்த விடை போதவில்லை. இவ்வணிகத்தில் வாங்குபவர் நகத்துக்கும் எலும்புக்கும் மட்டும் பணம் கொடுப்பதில்லை. கண்ணியையும் நஞ்சையும் இரத்தத்தையும் காணாதிருக்கும் தொலைவுக்கும் சேர்த்தே கொடுக்கின்றார்.

இதைச் சொல்ல நமக்கு என்ன தகுதி என்று வாசகர் கேட்கலாம். சொல்லிவிடுகின்றோம். குருத்துவம் பெற்ற நான்காம் ஆண்டு, மலைப்பகுதிப் பங்கு ஒன்றில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்கு. அதன் கழுத்துச் சங்கிலியில், பொன்பூண் கட்டிய புலிநகம் ஒன்று தொங்கிற்று. நம் பார்வையைக் கண்ட பாட்டி, “புள்ள பயந்துக்கக் கூடாதுன்னு தாத்தா வாங்கிப் போட்டது, சாமி. அசல்” என்றார். அந்தத் தாத்தா நம் கோவிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர். நாம் புன்னகைத்தோம். மூன்று முறை நீர் வார்த்தோம். அது நகத்தின்மேலும் வழிந்தது. பிறகு விருந்துக்கும் போனோம். தீயோனை விட்டுவிடுகிறீர்களா என்று பெற்றோரிடம் கேட்ட அதே வாயால் அந்த நகத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. மணியின் விலை நமக்குத் தெரிந்திருந்தது.

அது போலியாக இருந்திருக்கலாம். மாட்டுக்கொம்பைச் செதுக்கிப் புலிநகம் என்று விற்போர் பலர். ஆனால் தாத்தா போலியை விரும்பி வாங்கவில்லை. அசல் என்று நம்பித்தான் விலை கொடுத்தார். போலி விற்கும் கடையையும் அசலின்மேல் உள்ள ஆசையே நடத்துகின்றது.

ஆகவே வாங்குபவரைச் சீனத்திலேயே தேடிக்கொண்டிருப்பது நமக்கு வசதியான தேடல். பிள்ளைகளுக்குப் புலிப்பல் தாலி அணிவித்த வழக்கம் நம் சங்கப் பாடல்களிலேயே இருக்கின்றது. அன்று அது வேட்டையாடிய குடியின் சின்னம். இன்று நகைக்கடைப் பூண். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியின் ஒரு நகத்தை உரிய சான்றிதழின்றி வைத்திருப்பதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். 2023 அக்டோபரில் கர்நாடகத்தில், தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட ஒருவர் கழுத்தில் புலிநகம் அணிந்து தோன்றியதால் கைதானபோதுதான், பலருக்கு இது குற்றம் என்ற செய்தியே எட்டிற்று. அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன், 2000 ஜனவரியில், உத்தரப் பிரதேசத்தின் காகா என்னும் ஊரில் அதிகாரிகள் கைப்பற்றியவற்றில் புலித்தோல்கள் 4, சிறுத்தைத் தோல்கள் 70, சிறுத்தை நகங்கள் ஏறக்குறைய 18,000. ஒரு சிறுத்தைக்கு நகங்கள் பதினெட்டு. வகுத்துப் பார்த்தால் ஆயிரம் சிறுத்தைகள் வருகின்றன. தோலை எண்ணினால் எழுபதுதான். மீதித் தோல்கள் அதற்குள் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.

எங்கே போயின என்பதைத் தேடியவர்களுக்கு ஒரு விடை திபெத்தில் கிடைத்தது. வாங்குபவரை மேடையேற்ற முடியுமா என்னும் நம் கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கின்றது. 2003 அக்டோபரில் அங்கே ஒரே பிடியில் 31 புலித்தோல்களும் 581 சிறுத்தைத் தோல்களும் 778 நீர்நாய்த் தோல்களும் அகப்பட்டன. திருவிழாக்களிலும் குதிரைப் பந்தயங்களிலும் அணியும் மேலங்கிகளுக்குக் கரை தைக்கவே அவை சென்றுகொண்டிருந்தன. பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்து போனவை. தோலணிந்து நிற்கும் மக்களின் படங்கள் தலாய் லாமாவிடம் காட்டப்பட்டன. 2006 ஜனவரியில் ஆந்திரத்தின் அமராவதியில் நடந்த காலச்சக்கர வழிபாட்டில், திபெத்திலிருந்து வந்திருந்தோரிடம் அவர் அது பற்றித் தம் வெட்கத்தைச் சொன்னார். ஊர் திரும்பியபின் இனி அணிய வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். சில வாரங்களில் திபெத்தியர் வாழும் பல ஊர்களில் மக்கள் தம் விலையுயர்ந்த தோலாடைகளைப் பொதுவிடத்தில் குவித்து எரித்தார்கள். சிலருக்கு அது குடும்பச் சொத்து. அரசு தடுத்தும் எரிப்பு பல இடங்களில் தொடர்ந்தது.

அச்செய்தியை வாசித்தபோது நமக்கு எழுந்தது வியப்பைவிடப் பொறாமை. அவர் காவலரை அனுப்பவில்லை. வேட்டைக்காரரை வசைபாடவும் இல்லை. அணிந்தவரிடம் நேரே பேசினார். அணிந்தவர் எழுந்து வந்து, தம் கையாலேயே அந்த ஆடையைத் தீயில் இட்டார். பெயரும் முகமும் வீடும் உள்ள வாங்குபவர்! வாலியண்டின் நூலில் நாம் தேடிக் காணாத அதே பாத்திரம். அரசியல் காரணங்களும் அதில் கலந்திருந்தன என்று சிலர் குறை சொல்வர். கலந்திருக்கட்டும். கலப்பற்ற மனமாற்றத்தை நம் பங்குப் பதிவேடுகளில் எத்தனை முறை கண்டிருக்கின்றோம்?

இவ்வளவு குறை சொன்னபின்னும் நூலைப் பரிந்துரைக்கத் தயங்கவில்லை. மார்க்கோவைப் பற்றிய அத்தியாயங்களுக்காகவே வாசிக்கலாம். வறுமையை வருணிக்கும் நம் சிறுகதையாளர்களும் அதில் கற்றுக்கொள்ள உண்டு, அழாமல் எழுதுகின்றார். அமூர் புலிகளின் தொகை 2015 கணக்கெடுப்பில் ஐந்நூறைத் தாண்டிற்று என்பதையும், அதில் துருஷைப் போன்றோரின் உழைப்புக்குப் பங்குண்டு என்பதையும் நினைத்துக்கொண்டு வாசித்தால் கொஞ்சம் ஆறுதலும் கிட்டும்.

இந்நூலைத் தமிழாக்க முனைவோர் துணைத்தலைப்பிலுள்ள ‘பழிவாங்கல்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளட்டும். அது நூலாசிரியரின் உரிமை. முன்னுரை எழுதித் தரும்படி நம்மைக் கேட்பார்களானால், அந்தத் திருமுழுக்கு நாளிலிருந்து தொடங்குவோம்.